ஊட்டும் கையை அளத்தல்: ஒரு கேள்விப்படிவத்தை முன்வைத்து

குழந்தைகளை எடை போடுவது நமக்குப் பழகிப்போன காட்சி. பால்வாடி உத்தரத்தில் தராசைத் தொங்கவிட்டு, துணிப்பைக்குள் பிள்ளையை இறக்கி, முள் நிற்பதற்குள் அது வீறிட்டு அழ, டீச்சர் அவசரமாக எண்ணைக் குறித்துக்கொள்வதை ஊர்ப்பக்கம் பார்க்காதவர்கள் குறைவு. இங்கே பேசவிருப்பது வேறொரு அளவையைப் பற்றி. இதில் தராசில் ஏற்றப்படுவது பிள்ளை அல்ல, பிள்ளைக்கு ஊட்டுகிற ஆள். இன்னும் பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக்குப் பெற்றோர் எப்படிச் சாப்பாடு கொடுக்கிறார்கள், எவ்வளவு வற்புறுத்துகிறார்கள், எதை ஒளித்து வைக்கிறார்கள், எதற்குக் கண்ணை மூடிக்கொள்கிறார்கள் என்பதையெல்லாம் எண்ணாக மாற்றுகிற ஒரு துறை சில பத்தாண்டுகளில் வளர்ந்து நிற்கிறது. அதற்கென ஆய்விதழ்கள், நிபுணர்கள், நிதி எல்லாம் வந்தாயிற்று. அதிகாரம், உடல், குடும்பம் என்று இவ்வளவு பேசிய நம்முடைய சிற்றிதழ்ச் சூழலில் சோற்றுத் தட்டைப் பற்றிப் பேச்சே எழவில்லை. அது 'பொம்பளைங்க சமாச்சாரம்' என்று விட்டுவிட்டோம்.

2001இல் அமெரிக்க உளவியலாளர் லீன் பர்ச்சும் அவரது சகாக்களும் வெளியிட்ட 'குழந்தை உணவூட்டல் கேள்விப்படிவம்' இந்தத் துறையின் மூலப்பிரதிகளில் ஒன்று. 31 கேள்விகள், ஏழு பிரிவுகள். உணவூட்டும் பொறுப்பு யாருடையது என்று பெற்றோர் நினைப்பது, பெற்றோர் தம் எடையைப் பற்றி நினைப்பது, பிள்ளையின் எடையைப் பற்றி நினைப்பது, பிள்ளை குண்டாகிவிடுமோ என்ற கவலை, கட்டுப்படுத்துதல், வற்புறுத்துதல், கண்காணித்தல். முதல் நான்கும் எண்ணங்கள், கடைசி மூன்றும் செய்கைகள் என்பது ஏற்பாடு. தட்டில் போட்டதைப் பிள்ளை மிச்சம் வைக்காமல் சாப்பிட வேண்டும் என்று நினைக்கிறீர்களா, பசிக்கவில்லை என்று சொன்னாலும் சாப்பிட வைக்கப் பார்ப்பீர்களா, சில பண்டங்களை வேண்டுமென்றே கைக்கு எட்டாமல் வைப்பீர்களா என்கிற மாதிரியான கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஒரு எண்ணைத் தேர்ந்துகொள்ள வேண்டும். மனப்பாங்கை இப்படிப் படிகளாக வெட்டும் உத்தியை 1932இல் ரென்சிஸ் லிக்கர்ட் கொண்டுவந்தார். தொழிற்சாலை, தேர்தல், சோப்பு வியாபாரம் எல்லாம் சுற்றிவிட்டு அது இப்போது அடுப்படிக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது.

இதன் பின்னாலிருக்கும் கோட்பாட்டை எடுத்த எடுப்பிலேயே 'ஏகாதிபத்திய உளவியல்' என்று தள்ளிவிடுவது சோம்பேறித்தனம். பர்ச் 1980களில் பாலர் பள்ளிப் பிள்ளைகளிடம் செய்த சோதனை ஒன்று. ஒரு சாரார் பிள்ளைகளை வயிறு நிறைந்ததா, பசி அடங்கியதா என்று தன்னையே கவனிக்கப் பழக்கினார்கள். மறு சாராரைத் தட்டு காலியாயிற்றா, சாப்பாட்டு நேரம் ஆயிற்றா என்று வெளியே பார்க்கப் பழக்கினார்கள். தட்டைக் காலி செய்தால் பரிசு. முதல் கூட்டம், முதலில் தின்ற பண்டத்தின் செறிவுக்குத் தக்கபடி அடுத்துத் தின்பதைத் தானாகவே கூட்டிக் குறைத்துக்கொண்டது. இரண்டாவது கூட்டத்தில் அந்தச் சூட்சுமம் மழுங்கிப்போயிருந்தது. பிள்ளையின் உடம்புக்கு ஓர் அறிவு உண்டு, பெரியவர்களின் அதிகாரம் அதைக் கெடுக்கிறது என்பதுதான் இதன் சாராம்சம். இது நமக்கு உவப்பான பேச்சுதான். பூச்சாண்டி, போலீஸ்காரன், ஊசி போடுகிற டாக்டர் என்று அரசின் மொத்தப் படையையும் துணைக்கழைத்து ஒரு வாய்ச் சோற்றை உள்ளே தள்ளுகிற நம்முடைய வீடுகளில், அதிகாரத்துக்குப் பணிவது எப்படி என்ற முதல் பாடம் சோற்றுருண்டையோடுதான் ஊட்டப்படுகிறது. மேடையில் விடுதலை பேசும் தோழர் வீட்டிலும் இதே கதைதான். பிள்ளையின் வாயை அழுத்திப் பிடித்துத் திணிப்பது வன்முறை. அதைப் 'பண்பாடு' என்றோ 'தாய்ப்பாசம்' என்றோ பூசி மெழுகுவதற்காக இந்தக் கட்டுரை எழுதப்படவில்லை.

ஆனால் இந்த 'உடம்பின் அறிவு' என்கிற கதையாடல் தொடங்கிய இடத்துக்குப் போனால் சங்கதி வேறாக இருக்கிறது. 1920களின் பின்பாதியில் கிளாரா டேவிஸ் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர், பால்குடி மறக்கும் பருவத்திலிருந்த 15 குழந்தைகளை மாதக்கணக்கிலும் சிலரை வருஷக்கணக்கிலும் தன் பொறுப்பில் வைத்து வளர்த்தார். 34 உணவுகள் பட்டியலில் இருந்தன. வேளைக்கு வேளை அவற்றிலிருந்து சிலவற்றைத் தட்டுத் தட்டாக வைத்துவிட்டு, தாதி பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பாள். பிள்ளை கைநீட்டியதை மட்டும் ஒரு கரண்டி எடுத்துக் கொடுக்கலாம். 'இதைத் தின்னு' என்று சொல்லக் கூடாது, முகம் சுளிக்கவும் கூடாது. ஒவ்வொரு பிள்ளையும் தன் போக்கில் கன்னாபின்னா என்று தின்றது. எல்லாம் நன்றாக வளர்ந்தன. 1939இல் இதைத் தொகுத்துச் சொன்னபோது, இதிலே சூட்சுமம் இருப்பது உணவுப் பட்டியலில்தான் என்று டேவிஸே சொல்லிவிட்டார். சர்க்கரை கிடையாது, டப்பா உணவு கிடையாது, தீட்டிய மாவு கிடையாது. இறைச்சி, தானியம், பால், காய், பழம், அதுவும் எளிமையாகச் சமைத்தது மட்டும். எதைத் தின்றாலும் கேடில்லை என்றிருக்கும் இடத்தில் எதை வேண்டுமானாலும் தின்னலாம். ஆலை உணவுகளையும் பட்டியலில் சேர்த்து இன்னொரு சோதனை செய்ய அவர் விரும்பினார். பொருளாதாரப் பெருமந்தம் வந்து அதற்குப் பணமில்லாமல் போயிற்று. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்தப் பிள்ளைகள் வசதியான வீட்டிலிருந்து வந்தவர்கள் அல்லர். வளர்க்க வழியில்லாத இளந்தாய்களும் விதவைகளும் விட்டவர்கள். வறுமைதான் அவர்களைச் சோதனைக்கூடத்துக்குக் கொண்டுவந்தது. பின்னால் வந்த உளவியல் பட்டியலை மறந்தது, வறுமையையும் மறந்தது. பிள்ளையின் சுயாட்சி, தாயின் தலையீடு என்ற இரண்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டது.

எல்லின் சாட்டர் 1980களில் வகுத்த 'பொறுப்புப் பங்கீடு' இன்றைக்கு இந்தத் துறையின் வேதவாக்கு. என்ன, எப்போது, எங்கே என்பதைப் பெற்றோர் தீர்மானிக்க வேண்டும். எவ்வளவு சாப்பிடுவது, சாப்பிடுவதா வேண்டாமா என்பதைப் பிள்ளை தீர்மானிக்கும். அழகான ஜனநாயகம். ஆனால் இதற்கு ஒரு முன்நிபந்தனை உண்டு: இந்த வேளையை விட்டால் இன்னும் சில மணி நேரத்தில் அடுத்த வேளை நிச்சயமாக வரும் என்று பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு நேரம் உலை வைக்கிற வீட்டில் 'இப்பத் தின்னுரு, இனி ராத்திரிக்குத்தான்' என்று தாய் சொல்வதற்குக் கேள்விப்படிவத்தில் பெயர் வற்புறுத்தல். உண்மையில் அவள் பிள்ளைக்குத் தகவல் சொல்கிறாள்.

*

கேள்விப்படிவங்கள் தம் பிறந்த மண்ணிலேயே தடுமாறியதைச் சொல்லாமல் விட முடியாது. 1960களில் டயானா பாம்ரிண்ட் பெர்க்லியில் பாலர் பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோரைக் கவனித்துக் குழந்தை வளர்ப்பு முறைகளை வகைப்படுத்தினார். 1983இல் மக்கோபியும் மார்ட்டினும் அதை நான்கு கட்டங்களாக ஆக்கினார்கள். எவ்வளவு கோருகிறீர்கள், எவ்வளவு செவிசாய்க்கிறீர்கள் என்று இரண்டு கோடுகளைக் குறுக்கும் நெடுக்கும் போட்டால் நான்கு கட்டம் வரும். 2005இல் ஷெரில் ஹியூஸும் சகாக்களும் இந்தக் கட்டங்களைச் சாப்பாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். இரண்டும் உள்ளவர் நல்ல அதிகாரம் செலுத்துபவர், கோரிக்கை மட்டும் உள்ளவர் சர்வாதிகாரி, செவிசாய்ப்பு மட்டும் உள்ளவர் இடங்கொடுப்பவர், இரண்டும் இல்லாதவர் ஈடுபாடற்றவர். கேள்வி கேட்கப்பட்டவர்கள், ஏழைக் குடும்பங்களுக்காக 1965இல் தொடங்கப்பட்ட 'ஹெட் ஸ்டார்ட்' பாலர் திட்டத்துக்குப் பிள்ளைகளை அனுப்பும் கறுப்பினப் பெற்றோரும் ஸ்பானிய வழியினரும். கிடைத்த முடிவு என்ன? ஸ்பானிய வழியினர் 'இடங்கொடுப்பவர்' கட்டத்தில் அதிகம் விழுந்தார்கள். கறுப்பினத்தவர் 'ஈடுபாடற்றவர்' கட்டத்தில் அதிகம் விழுந்தார்கள். இடங்கொடுப்பவரின் பிள்ளைகளுக்கு எடை கூடுதல்.

இந்த ஆய்வாளர்களை இனவெறியர்கள் என்று சொல்ல வரவில்லை. வெள்ளை நடுத்தர வர்க்கத்தின் அளவுகோலை அப்படியே மற்றவர் மேல் போடக் கூடாது என்பதற்காகத்தான் இந்தப் புதுப் படிவத்தையே அவர்கள் செய்தார்கள். பர்ச்சின் 31 கேள்விகளைக் கறுப்பின, ஸ்பானிய வழிப் பெற்றோரிடம் வைத்தபோது அந்த ஏழு பிரிவு அமைப்பு சரியாகப் பொருந்தவில்லை, சில கேள்விகளை நீக்கித்தான் பொருத்த வேண்டியிருந்தது என்று அதே 2005இல் எழுதியவர்களும் இவர்களைச் சேர்ந்தவர்கள்தான். நோக்கம் நல்லதாக இருக்கும்போதே கருவி என்ன வேலை செய்கிறது என்பதுதான் நமக்கு முக்கியம். 'அதிகம்', 'குறைவு' என்பதை எங்கே பிரிக்கிறார்கள் தெரியுமா? கேட்கப்பட்டவர்களின் மதிப்பெண்களை வரிசைப்படுத்தி நட்டநடுவில் ஒரு கோடு. கோட்டுக்கு மேலே பாதிப் பேர், கீழே பாதிப் பேர். ஊரிலுள்ள எல்லாத் தாய்மாரும் உயிரைக் கொடுத்து ஊட்டினாலும் பாதிப் பேர் கோட்டுக்குக் கீழேதான் நிற்பார்கள். அவர்களில் சிலர் 'ஈடுபாடற்றவர்' ஆகியே தீருவார்கள். குற்றவாளியைப் பற்றி ஃபூக்கோ சொன்னது நினைவுக்கு வருகிறது. ஒரு செயலைத் தண்டிப்பதாகத் தொடங்குகிற ஏற்பாடு, கடைசியில் ஒரு வகை மனிதரை உண்டுபண்ணி முடிகிறது. இங்கும் 'நேற்று வேலைக்குப் போய்விட்டு அலுத்து வந்ததால் பிள்ளை என்ன தின்றது என்று பார்க்கவில்லை' என்பது ஒரு செயல். 'ஈடுபாடற்ற தாய்' என்பது ஒரு வகை. நேற்று போய் இன்று வரும். வகை ஒட்டிக்கொள்ளும்.

எதனால் எது என்பதிலும் சிக்கல். வற்புறுத்துகிறவர்களின் பிள்ளைகள் மெலிந்திருக்கின்றன என்று ஆய்வுக்கு ஆய்வு வந்தது. வற்புறுத்தியதால் மெலிந்ததா, மெலிந்ததால் வற்புறுத்தினார்களா? எந்தக் கிழவியைக் கேட்டாலும் ஒரு நொடியில் சொல்லியிருப்பாள். வருஷக்கணக்கில் பின்தொடர்ந்த பிந்தைய ஆய்வுகள் இப்போது பிள்ளையின் எடையைப் பார்த்துப் பெற்றோர் தம் போக்கை மாற்றிக்கொள்வதற்கும் சான்று இருக்கிறது என்கின்றன. சாப்பாட்டு நேரத்தில் கேமராவை வைத்துப் பார்த்தபோது, படிவத்தில் சொன்னதும் படத்தில் கண்டதும் பல ஆய்வுகளில் சரிவர ஒத்துப்போகவில்லை. ஆக, இந்தப் படிவம் ஊட்டுவதை அளக்கிறதா, ஊட்டுவதைப் பற்றித் தன்னிடம் எதிர்பார்க்கப்படும் பதிலை ஒரு தாய் எவ்வளவு தூரம் கற்றுக்கொண்டிருக்கிறாள் என்பதை அளக்கிறதா? இரண்டாவதுக்கே நான் அதிகம் வாக்களிப்பேன்.

*

இந்தப் படிவங்கள் பல மொழிகளுக்குப் பெயர்ந்துவிட்டன. இந்தியத் தாய்மாரிடமும் கேட்கப்பட்டாயிற்று. எனவே தமிழில் இவை என்னவாகும் என்று யோசிப்பது வெறும் கற்பனை அல்ல.

முதலில் வினைச்சொல்லே இடிக்கிறது. ஊட்டுவது, தின்னக் கொடுப்பது, சோறு போடுவது, பால் கொடுப்பது எல்லாம் நம்மிடம் வேறு வேறு உறவுகள். ஊட்டுவது என்றால் கையும் வாயும். சோறு போடுவது என்றால் சம்பாதிப்பதும் அதில் சேரும். 'எனக்குச் சோறு போட்டவர்' என்று முதலாளியைச் சொல்வோம், அக்காளையும் சொல்வோம். 'உணவூட்டல்' என்பது இவை எதுவுமில்லாத ஆய்வுக்கூடச் சொல். 'பெற்றோர்' என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க வீட்டில் யாருமில்லை. அம்மா இருப்பாள், ஆச்சி இருப்பாள், பள்ளிக்கூடத்தைப் பாதியில் நிறுத்திய மூத்த பிள்ளை இருக்கும்.

அப்புறம் பதில். உங்கள் பிள்ளை நன்றாகச் சாப்பிடுகிறானா என்று கேட்டால் நம் ஊரில் 'ஆமாம்' என்று சொல்கிற தாய் அபூர்வம். 'எங்க டீச்சர் திங்கான்? ரெண்டு வாய் வாங்குதான், ஓடிருதான்' என்றுதான் வரும். பக்கத்திலேயே அவன் கும்பாவை வழித்துக்கொண்டிருந்தாலும் பதில் அதுதான். நன்றாகத் தின்கிறான் என்று வாயால் சொன்னால் கண் பட்டுவிடும். பிள்ளையின் உடம்பைப் பற்றிப் பெருமையாக எதுவும் சொல்லக் கூடாது என்பது எழுதாத சட்டம். இப்படிப்பட்ட இடத்தில் 'பிள்ளையின் எடையைப் பற்றிப் பெற்றோர் நினைப்பது' என்ற பிரிவில் விழும் எண்கள் எதை அளக்கும்? திருஷ்டி பயத்தை அளக்கலாம். பசிக்கலன்னு சொன்னாலும் கொடுப்பீங்களா என்று கேட்டால் இன்னும் வேடிக்கை. 'பசிக்கலன்னு யாராச்சும் சொல்வாவளா டீச்சர்? வெளையாட்டுப் புத்தியில சொல்லுதான்.' இதை ஐந்தில் எந்த எண்ணில் போடுவது? 'நடுநிலை' என்று ஒரு கட்டம் இருக்கிறது. பிள்ளையின் பசி விஷயத்தில் நடுநிலை வகிக்கிற தாயை நான் பார்த்ததில்லை.

பீடி சுற்றும் வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். திருநெல்வேலி, தென்காசிப் பக்கம் இப்படி எத்தனையோ வீடுகள். கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று. மடியில் சுளகு, சுளகில் இலையும் தூளும். பத்து விரலும் புகையிலையில் ஊறியிருக்கிறது. பிள்ளைக்கு ஊட்ட வேண்டுமானால் எழுந்து போய்க் கையை நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும், பிசைய வேண்டும், ஊட்ட வேண்டும், திரும்ப வந்து உட்கார வேண்டும். அந்த நேரத்துக்கு எத்தனை பீடி போகும் என்று அவளுக்குத் துல்லியமாகத் தெரியும். எந்த உளவியல் அளவுகோலும் அவ்வளவு துல்லியம் கிடையாது. ஆகவே மூத்த மகள் ஊட்டுவாள், அல்லது ஐந்து ரூபாய் பாக்கெட் ஒன்று வாங்கிப் பிள்ளையின் கையில் கொடுக்கப்படும். பாக்கெட்டைப் பிரித்தால் பிள்ளை ஒரு மணி நேரம் சத்தம் போடாது, கை கழுவ வேண்டியதில்லை. படிவம் இதை 'இடங்கொடுத்தல்' என்று குறித்துக்கொள்ளும். கூலி விகிதம் என்று ஒரு கேள்வி 31இல் இல்லை. அந்த பாக்கெட்டை விற்கிற கம்பெனி எந்தக் கட்டத்தில் விழும் என்ற கேள்வியும் இல்லை. கிளாரா டேவிஸின் பட்டியலைப் பெட்டிக்கடைச் சரமாக மாற்றித் தொங்கவிட்டவர்கள், தாயின் 'கட்டுப்படுத்தும் திறன்' பற்றிய ஆய்வுக்கு வெளியே சௌகரியமாக நிற்கிறார்கள்.

கட்டுப்படுத்துதல் என்றதும் இன்னொன்று. பர்ச்சின் படிவத்தில் பெற்றோர் கட்டுப்படுத்துவது இனிப்பையும் கொழுப்பையும். நம் நாட்டுப் பெற்றோர் பிள்ளையின் வாயைக் கட்டுப்படுத்துவது எதற்காக என்று நமக்குத் தெரியாதா? 2018 ஜூலையில் அவிநாசி அருகே திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் தலித் பெண் ஒருவர் சமைத்துப் போடக் கூடாது என்று சாதி இந்துப் பெற்றோர் மறித்தார்கள். அதிகாரிகள் முதலில் அந்தப் பெண்ணையே இடம் மாற்றினார்கள், எதிர்ப்பு வந்ததும் உத்தரவைத் திரும்பப் பெற்றார்கள். அது பெரிய பிள்ளைகளின் பள்ளிக்கூடம் என்றாலும், யார் கைச்சோறு ஆகும், யார் கைச்சோறு ஆகாது என்ற பாடம் பால்வாடி வயதிலேயே தொடங்கிவிடுகிறது. 2015இல் மத்தியப் பிரதேச முதலமைச்சராக இருந்த சிவராஜ் சிங் சௌகான் அங்கன்வாடிகளில் முட்டை கொடுக்கும் யோசனையை மறுத்தார். இங்கே 1989இலேயே பிள்ளைகளின் சத்துணவில் முட்டை வந்துவிட்டது. ஒரு மாநிலமே பிள்ளைகளின் தட்டிலிருந்து முட்டையைத் தள்ளி வைத்ததை எந்த அளவுகோலால் அளப்பது? 'கண்காணித்தல்', 'கட்டுப்படுத்துதல்' என்ற சொற்களை உளவியல் எவ்வளவு சாதுவாக்கி வைத்திருக்கிறது பாருங்கள். சாதியின் கண்காணிப்பு அதில் ஒரு துளி கூடச் சிக்காது.

*

அப்படியானால் அளக்கவே வேண்டாம் என்கிறாயா என்று சில நண்பர்கள் கேட்கக்கூடும். இல்லை. அளவை என்றாலே அதிகாரம், ஆகவே எல்லா அளவையும் ஒன்று என்று சொல்வது பின்நவீனத்துவத்தை மலிவாக்குவது. பசியை எண்ணிக் காட்டாமல் பசிக்கு எதிராகப் போராட முடியாது. பார்க்க வேண்டியது, யாரை அளக்கிறார்கள், அளந்த கையோடு என்ன கொடுக்கிறார்கள் என்பது.

தமிழ்நாட்டிலேயே இதற்கு வரலாறு இருக்கிறது. 1980இல் உலக வங்கிக் கடனோடு தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், 6 மாதம் முதல் 36 மாதம் வரையிலான பிள்ளைகளை மாதாமாதம் எடை போட்டது. எடை கூடாத பிள்ளைக்கு 90 நாள் சத்துணவு. எடை தேறினால் நிறுத்தம். கடுமையான ஊட்டக்குறைவு குறைந்தது என்று மதிப்பீடுகள் சொல்லின. அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் இந்த ஏற்பாட்டின் தர்க்கம் கஞ்சத்தனமானது: பிள்ளை மெலிந்து காட்டினால்தான் சோறு, தேறியதும் அந்த உரிமை போயிற்று. மிச்சம் பிடிப்பதற்காகவே கண்டுபிடிக்கப்பட்ட தராசு அது. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். அரசு தொடங்கிய சத்துணவுத் திட்டமோ பால்வாடிக்கு வரும் பிள்ளையின் எடையைக் கேட்கவில்லை. வந்தால் சோறு. 'கவர்ச்சித் திட்டம்' என்று படித்தவர்கள் அப்போது பண்ணிய கேலி கொஞ்சமல்ல. அந்த ஆட்சியின் மற்றக் காரியங்களைப் பற்றி எனக்கு எந்த மயக்கமும் கிடையாது. இந்த ஒன்றில் அளக்காமல் போட்டதுதான் சரியாக இருந்தது.

இரண்டு தர்க்கங்களும் தமக்குள் சண்டை போட்டாலும் கடைசியில் பிள்ளையின் வாய்க்கு ஏதோ போயிற்று. உச்ச நீதிமன்றம் உணவுரிமை வழக்கில் 2001 நவம்பர் 28 ஆணையில் ஆறு வயது வரையிலான ஒவ்வொரு பிள்ளைக்கும் 300 கலோரி, 8 முதல் 10 கிராம் புரதம் என்று சொன்னது. 2006 டிசம்பரில், அங்கன்வாடி இல்லாத குடியிருப்புகள் கேட்டால் அமைத்துக் கொடுக்க வேண்டும் என்றது. இங்கே கலோரி என்ற எண் அரசின் கழுத்தில் கட்டப்பட்டது. எண்ணுக்கு இப்படியும் ஒரு பயன் உண்டு.

இன்றைக்கு அந்த எண் இடம் மாறிக்கொண்டிருக்கிறது. 2015-16 மத்திய பட்ஜெட்டில் அங்கன்வாடித் திட்டத்துக்கான ஒதுக்கீடு ஏறக்குறைய பாதியாக வெட்டப்பட்டது. எதிர்ப்புக்குப் பிறகு கொஞ்சம் கூட்டினார்கள். 2018இல் போஷன் அபியான் வந்தபோது உரக்க ஒலித்த சொல் 'நடத்தை மாற்றம்'. யாருடைய நடத்தை? தாயினுடையது. உலக சுகாதார நிறுவனமும் 2023 வழிகாட்டுதலில் 'செவிசாய்த்து ஊட்டும்' முறையைப் பரிந்துரைத்திருக்கிறது. சொல்லளவில் நல்லதுதான், பிள்ளையின் முகத்தைப் பார்த்து ஊட்டு என்பதை யார் மறுப்பார்கள்? ஆனால் ரேஷனும் ஆலோசனையும் சேர்ந்து வருவது ஒன்று, ரேஷன் சுருங்கச் சுருங்க ஆலோசனை பெருகுவது இன்னொன்று. தேசியக் குடும்ப நல ஆய்வில் 6 முதல் 23 மாதப் பிள்ளைகளில் போதிய உணவு பெற்றவர்கள் 2015-16இல் 9.6 சதவீதம், 2019-21இல் 11.3 சதவீதம். தாயிடம் கேட்பது, நேற்றுப் பகலிலும் இரவிலும் பிள்ளை என்னென்ன சாப்பிட்டது என்று. பத்தில் ஒன்பது பிள்ளைக்குப் போதவில்லை என்றால் அதைத் தாய்மாரின் 'பாணி' என்று விளக்க எவ்வளவு துணிச்சல் வேண்டும்? ஆனாலும் விளக்குகிறார்கள். 'விழிப்புணர்வு இல்லை' என்ற வாக்கியம் கூட்டத்துக்குக் கூட்டம் கேட்கிறது. பருப்பு விலை என்ற சொல் கேட்பதில்லை.

2021இல் வந்த போஷன் டிராக்கர் செயலியில் பிள்ளையின் உயரமும் எடையும் ஏறுகின்றன. வீட்டுக்குக் கொடுத்துவிடும் சத்துமாவை வாங்க முகத்தைக் காட்டிச் சரிபார்க்கும் முறை 2025 ஜூலையிலிருந்து நாடு முழுவதும் கட்டாயமாக்கப்பட்டது. போன் பழசு, சிக்னல் இல்லை, ஆதாரில் இருக்கும் முகம் வேறு என்று ஊழியர்கள் முறையிட்டார்கள். கேள்விப்படிவம் தாயின் மனதைக் கேட்டது. செயலி அவள் முகத்தைக் கேட்கிறது. இரண்டிலும் நிரூபிக்க வேண்டியவள் அவளே.

எழுதுகிறவர்களும் களத்தில் நிற்பவர்களும் இந்தப் படிவங்களைக் கிழித்துப் போட வேண்டியதில்லை. திருப்பிப் பிடித்துப் பார்க்கலாம். 'ஒருபோதும் இல்லை' முதல் 'எப்போதும்' வரை அதே ஐந்து கட்டங்கள். மாதத்தின் முதல் வாரத்தில் அரிசியும் பருப்பும் மையத்துக்கு வந்து சேர்கின்றனவா? முட்டை அழுகாமல் வருகிறதா? எரிவாயுப் பணம் காலத்தில் வருகிறதா? காட்டு வேலைக்குப் போகும் தாய் திரும்புகிற நேரம் வரை மையம் திறந்திருக்கிறதா? சேரிப் பிள்ளையும் ஊர்ப் பிள்ளையும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்களா? பதில் சொல்ல வேண்டியவர்கள் கலெக்டர் அலுவலகத்திலும் தலைமைச் செயலகத்திலும் இருக்கிறார்கள். அவர்களிலும் சிலர் 'ஈடுபாடற்றவர்' கட்டத்தில் விழுவார்கள்.

இந்த இலக்கியம் முழுக்கப் பெற்றோர், பெற்றோர் என்றே பேசுவதால் பார்வையிலிருந்து விழுந்துபோன இன்னொருத்தி இருக்கிறாள். தினமும் இருபது முப்பது பிள்ளைகளுக்குச் சோறு போட்டு, ஊட்டாமல் தின்னாத நாலைந்துக்கு ஊட்டியும் விடுகிற அங்கன்வாடி ஊழியர். அவருக்கு மத்திய அரசு கொடுப்பதன் பெயர் கூலி அல்ல, மதிப்பூதியம். வேலையைவிட்டுப் போகும்போது பணிக்கொடை உண்டு என்று சொல்வதற்கே 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தேவைப்பட்டது. அவர் பிள்ளைக்கு எப்படி ஊட்டுகிறார், எதைச் சொல்லிச் சிரிக்க வைத்து ஒரு வாய் கூடுதலாகத் தின்ன வைக்கிறார், தன் வீட்டில் விட்டுவிட்டு வந்த பிள்ளைக்கு அந்நேரம் யார் ஊட்டுகிறார்கள் என்று இதுவரை யாரும் படிவம் எடுத்துக்கொண்டு போய்க் கேட்டதாகத் தெரியவில்லை. அவர் நிரப்ப வேண்டிய பதிவேடுகளுக்கு மட்டும் குறைவில்லை.